டர்போ சியில் அசெம்பிளி சேர்ப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்த 8088 சிப்பின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தில் சி மொழி மட்டும் சில இடங்களில் திணறும். அங்கே அசெம்பிளி கை கொடுக்கும். நம் கல்லூரி லேப்களில் பலரும் பழகிய டர்போ சி 2.0, அதோடு டர்போ அசெம்ப்ளர், ஸ்மால் மெமரி மாடல் ஆகியவற்றை வைத்தே இந்தக் குறிப்புகள். அசெம்பிளி கட்டளைகளைவிட, சியும் அசெம்பிளியும் கைமாறும் இடத்தில்தான் பிழைகள் அதிகம் வரும். அதனால் அந்த இடத்துக்கே இங்கே கூடுதல் கவனம்.

1. முதலில் புரோகிராம் முழுவதையும் சியிலேயே எழுதி, சரியாக ஓடவைத்து, நேரத்தை அளந்து பாருங்கள். பயாஸ் கடிகாரம் நொடிக்குச் சுமார் 18.2 தடவைதான் நகரும். ஒரு ஃபங்ஷனை ஒரே தடவை கூப்பிட்டு அளந்தால் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். ஆயிரம் தடவை லூப்பில் ஓடவிட்டு அளக்கவும். நேரத்தைத் தின்கிற ஒன்றிரண்டு ஃபங்ஷன்களை மட்டும் மாற்றினால் போதும்.

2. என்னென்ன ஆர்க்யுமென்ட் வேண்டுமோ அவற்றோடு ஒரு சின்ன ஃபங்ஷனைச் சியில் எழுதி, டிசிசி கம்பைலரை மைனஸ், பெரிய எஸ் என்ற ஆப்ஷனோடு ஓட்டுங்கள். அதற்கு ஈடான அசெம்பிளி கோப்பு கிடைக்கும். செக்மென்ட் பெயர், ஸ்டாக் ஏற்பாடு எல்லாம் அதில் சரியாக இருக்கும். அதையே அச்சாக வைத்து உள்ளே உங்கள் கட்டளைகளை எழுதலாம். எந்தப் புத்தகத்தையும்விட நான் நம்புவது இந்த வழியைத்தான்.

3. சி மொழி ஆர்க்யுமென்ட்களை வலமிருந்து இடமாக ஸ்டாக்கில் தள்ளும். ஃபங்ஷனுக்குள் நுழைந்ததும் பிபி ரெஜிஸ்டரை புஷ் செய்து, எஸ்பியின் மதிப்பை அதில் வைத்துக்கொண்டால், முதல் ஆர்க்யுமென்ட் பிபி+4இல் இருக்கும், இரண்டாவது பிபி+6இல். நடுவில் உள்ள நான்கு பைட்டுகள் பழைய பிபியும் திரும்பிப் போகும் முகவரியும். கேர் (char) வகை மதிப்பும் ஸ்டாக்கில் இரண்டு பைட் இடம் பிடிக்கும். லார்ஜ் மாடலுக்கு மாறினால் திரும்பும் முகவரியே நான்கு பைட் ஆகிவிடும், முதல் ஆர்க்யுமென்ட் பிபி+6க்குத் தள்ளிப்போகும். மாடலை மாற்றிவிட்டு இந்த எண்ணை மாற்றாமல் விட்டால், புரோகிராம் குப்பை மதிப்பை எடுத்து வேலை செய்யும். வேலை முடிந்ததும் ஸ்டாக்கை நீங்கள் சுத்தம் செய்யக் கூடாது. வெறும் ரெட் போதும், கூப்பிட்டவரே பார்த்துக்கொள்வார். விடையை ஏஎக்ஸில் விட்டு வரவும். லாங் என்றால் மேல்பாதி டிஎக்ஸில்.

4. எஸ்ஐ, டிஐ இரண்டையும் தொட்டால் புஷ் செய்துவிட்டே தொடுங்கள், வெளியேறும்போது பாப் செய்துவிடுங்கள். டர்போ சி தன் லோக்கல் வேரியபிள்களில் சிலவற்றை இந்த இரண்டு ரெஜிஸ்டர்களில்தான் வைத்திருக்கும். உங்கள் ஃபார் லூப்பின் எண்ணி பெரும்பாலும் எஸ்ஐயில் இருக்கும். அதை அழித்துவிட்டால் லூப் பாதியில் நிற்கும், இல்லாவிட்டால் நிற்கவே நிற்காது. சந்தேகம் வந்தால் மைனஸ், சின்ன ஆர், மறுபடி மைனஸ் என்ற ஆப்ஷன் கொடுத்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். ரெஜிஸ்டர் வேரியபிள்கள் நின்றுவிடும். அதோடு பிழையும் மறைந்தால் முதலில் எஸ்ஐ, டிஐ பக்கம் தேடுங்கள். பிபி, டிஎஸ் இரண்டும்கூட பழைய மதிப்போடு திரும்ப வேண்டும். ஏஎக்ஸ், பிஎக்ஸ், சிஎக்ஸ், டிஎக்ஸ், இஎஸ் ஆகியவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

5. பழகுவதற்கு நல்ல பயிற்சி, திரை முழுவதையும் ஒரே நிறத்தால் நிரப்புவது. கலர் டெக்ஸ்ட் திரை பி800 செக்மென்டில் தொடங்கும். 80 பத்தி, 25 வரி, மொத்தம் 2000 கட்டம், கட்டத்துக்கு எழுத்து ஒரு பைட், நிறம் ஒரு பைட். இஎஸ்ஸில் பி800, டிஐயில் பூஜ்யம், சிஎக்ஸில் 2000, ஏஎக்ஸில் ஹெக்ஸ் 1எஃப்20 வைத்து ரெப் ஸ்டாஸ்டபிள்யூ கொடுத்தால், நீலப் பின்னணியில் வெற்றுத் திரை கிடைக்கும். அந்தக் கட்டளைக்கு முன் சிஎல்டி போட மறக்காதீர்கள். யாராவது டைரக்‌ஷன் ஃபிளாக்கைத் திருப்பிவிட்டிருந்தால் நிரப்புதல் பின்னோக்கி ஓடி வேறு மெமரியைக் கெடுக்கும். நீங்களே எஸ்டிடி போட்டால், திரும்புமுன் சிஎல்டி போட்டுவிடவும்.

6. சியில் வைத்த பெயருக்கு முன்னால் அசெம்பிளியில் ஓர் அண்டர்ஸ்கோர் சேர்க்கவும், பப்ளிக் என்றும் அறிவிக்கவும். அசெம்ப்ளருக்கு ஸ்லாஷ் எம்எல் ஆப்ஷன் கொடுக்காவிட்டால் பெயர்கள் பெரிய எழுத்தாகிவிடும், லிங்கர் ‘அப்படி ஒரு சிம்பல் இல்லை’ என்று சொல்லிவிடும்.

7. இரண்டு மூன்று வரிகளுக்குத் தனிக் கோப்பு தேவையில்லை. ஏஎஸ்எம் என்ற சொல்லை முன்னால் போட்டுச் சி கோப்பிலேயே எழுதலாம். ஆனால் டர்போ சி 2.0இன் நீலத் திரை எடிட்டருக்குள் இது கம்பைல் ஆகாது. டிசிசியைக் கட்டளை வரியில்தான் ஓட்ட வேண்டும், டர்போ அசெம்ப்ளரும் கூடவே இருக்க வேண்டும். இங்கே செமிகோலன் கமென்டைத் தொடங்காது, சியின் கமென்ட் குறிகளையே போடவும்.

8. மாற்றி எழுதியபின் பழைய சி வடிவத்தை அழித்துவிடாதீர்கள். இஃப்டெஃப்புக்குள் வைத்திருங்கள். இரண்டுக்கும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்து விடைகளை ஒப்பிடலாம். எதிர்மறை எண்ணையும் பூஜ்யத்தையும் கட்டாயம் கொடுத்துப் பாருங்கள். சிஎக்ஸில் பூஜ்யம் இருக்கும்போது லூப் கட்டளை 65,536 தடவை சுற்றும்.

9. டாஸ்பாக்ஸ் எமுலேட்டரில் ஓடுவதால் மட்டும் திருப்தி அடைய வேண்டாம். நான்கு என்ற எண்ணைக் கட்டளையிலேயே நேரடியாகக் கொடுத்து ஷிஃப்ட் செய்வது, எண்ணை நேரடியாக புஷ் செய்வது, புஷ்ஏ எல்லாம் 80186இல் வந்தவை. 8088 உள்ள அசல் எக்ஸ்டியில் இவை வேலை செய்யாது. டாஸ்பாக்ஸில் அளந்த நேரமும் அசல் மெஷினில் வருகிற நேரமும் ஒன்றாக இருக்காது. முடிந்தால் ஃபிளாப்பியில் ஏற்றி, அசல் மெஷினிலேயே அளந்து பாருங்கள்.