பழைய வைனும் தோட்டத்துக் கள்ளும்

நம்பிக்கை: வருடம் ஏற ஏற எந்த மதுவும் ருசிக்கும்.

மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இதை நம்பவே கூடாது. காலையில் இறக்கிய தென்னங்கள் இனிக்கும். பொழுது சாய்வதற்குள் புளித்து ஏறிவிடும். சில நாள் வைத்தால் வெறும் காடி. வைனும் பெரும்பாலும் இப்படித்தான், கொஞ்சம் மெதுவாக. கடையில் வாங்கும் வெள்ளை வைன்களில் முக்கால்வாசி இரண்டு மூன்று வருடத்துக்குள் குடித்துவிட வேண்டியவை. ஆஸ்திரியாவின் டான்யூப் ஆற்றங்கரையில், வாக்காவ் மலைச்சரிவில் விளையும் நல்ல ரீஸ்லிங், குரூனர் வெல்ட்லீனர் போன்றவை பத்து, இருபது வருடம் தாங்கும். அவற்றைத் தாங்க வைப்பதில் பெரும்பங்கு புளிப்புக்கு. அதோடு குளுமையும் வேண்டும். நிலவறையில் 12 டிகிரியை ஒட்டி உறங்க வேண்டிய போத்தல் அது. மலாக்காவின் சராசரி வெப்பமோ ஆண்டு முழுவதும் 27 டிகிரி வாக்கில். ஹாலில் கண்ணாடி அலமாரியில் அழகுக்கு நிறுத்தி வைத்தால், முதிராது, வெந்து போகும்.

நம்பிக்கை: மஞ்சளாகி, அடியில் கற்கண்டுத் தூள்போலப் படிந்திருந்தால் கெட்டுவிட்டது.

போன மாதம் உறவினர் ஒருவர் கொண்டுவந்த ரீஸ்லிங்கை வீட்டில் திறந்தோம். அந்தத் தூளைப் பார்த்ததும் அக்கா கொட்டச் சொன்னார். நான் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தேன்: புளிப்பு. ரசத்துக்குக் கரைக்கும் புளியில் இருக்கும் அதே டார்டாரிக் அமிலத்தின் உப்பு அது; குளிரில் படிகமாகிறது, அவ்வளவுதான். பொன்னிறம் வயதின் நிறம். மூக்கில் ஏறிய லேசான மண்ணெண்ணெய் வாடையும் கலப்படமல்ல, முதிர்ந்த ரீஸ்லிங்கின் இயல்பு. பழுப்பாகி, காடி நெடி அடித்தால்தான் கொட்ட வேண்டும்.

நம்பிக்கை: கள் உடம்பைக் கெடுக்கும், வைன் இதயத்துக்கு நல்லது.

இதுதான் எனக்கு வருத்தம் தருவது. கள்ளில் ஆல்கஹால் 5 விழுக்காடு வாக்கில் இருக்கும். வாக்காவின் ஸ்மரக்ட் வகை வைனில் குறைந்தது 12.5. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடுவதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. குடி குடும்பத்தை என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது எல்லாக் குவளைக்கும் பொருந்தும்.

ருசி பார்க்கத்தான் வேண்டுமென்றால், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் வெளியே வையுங்கள். கடுங்குளிரில் மணம் எழாது. ஒரு வாய் போதும். நாங்கள் நான்கு பேர் அந்தப் போத்தலில் பாதியைக்கூடத் தாண்டவில்லை.