மஞ்சள் வேகவைக்கும் கொதிகலனுக்கு எந்த நீர்மட்டக் கண்ணாடி?

தை, மாசியில் பாப்பாரப்பட்டி வட்டாரத்தில் மஞ்சள் வெட்டு நடைபெறும். கொப்பரையை விட்டு, டிராக்டரில் இழுத்துவரும் நீராவிக் கொதிகலனை வாடகைக்கு அமர்த்தும் விவசாயிகள் பலர். மஞ்சள் சீராக வேகிறது, விறகும் மிச்சம். ஆனால் பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் கண்ணாடியைக் கவனிப்போர் குறைவு.

நெருப்புக் குழாய்களுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் இரும்பு பழுத்து வலுவிழக்கும். அந்நேரம் பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீரை ஏற்றினால் அது நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் திறந்த வெளியில் சுமார் 1,600 லிட்டர் நீராவியாக விரியக்கூடியது. களத்தில் நிற்போர் கதி என்னவாகும்?

உருண்டைக் கண்ணாடிக் குழாய் மலிவானது. குறைந்த அழுத்தத்திற்கு மட்டுமே ஏற்றது. வெடித்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்பதால் சுற்றிலும் தடித்த கண்ணாடிக் காப்பு அவசியம். அழுத்தம் கூடினால், இரும்புச் சட்டத்தில் பொருத்திய பட்டைக் கண்ணாடியே நல்லது. அதன் உட்புறம் வரிவரியாகப் பள்ளமிட்டிருக்கும். தண்ணீர் உள்ள பகுதி கறுப்பாகவும், நீராவிப் பகுதி வெள்ளி போலவும் தெரியும். புகை மூட்டத்திலும் கண்ணுக்குத் தப்பாது. சர்க்கரை ஆலை போன்ற உயர் அழுத்தக் கொதிகலன்களில் இதுவும் போதாது. கடுஞ்சூட்டில் காரநீர் கண்ணாடியையே அரிக்கும். ஆகவே முன்னும் பின்னும் கண்ணாடி வைத்து, உட்புறம் அபிரகத் தகடு பொருத்துவார்கள்.

எதை வாங்கினாலும் மேலே ஒன்று, கீழே ஒன்று, வடிகால் ஒன்று என மூன்று திருகுகள் இருக்க வேண்டும். நம் பகுதிக் கிணற்று நீர் பலவற்றில் சுண்ணாம்பு அதிகம். அது கீழ்த் துளையை அடைத்தால், பாய்லர் வற்றினாலும் கண்ணாடி நிறைந்தே நிற்கும். ஒரு களத்தில் இதைக் கண்டேன். ஓட்டுபவர், "தண்ணீர் நிறைய இருக்கிறது, ஐயா" என்றார். கண்ணாடியில் தண்ணீர் அசையவே இல்லை. ஓடும் பாய்லரில் அது லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். உடனே நெருப்பை இழுக்கச் சொன்னேன்.

தினமும் நீராவி ஏறியதும் சோதிக்கலாம். வடிகாலைத் திறந்து, கீழ்த் திருகை மூடினால் நீராவி சீற வேண்டும். பிறகு மேல்திருகை மூடிக் கீழ்த் திருகைத் திறந்தால் தண்ணீர் பாய வேண்டும். மேல்திருகையும் திறந்து வடிகாலை மூடியதும் தண்ணீர் சட்டென்று பழைய மட்டத்திற்கு ஏற வேண்டும். மெல்ல ஊர்ந்து ஏறினால் அடைப்பு உள்ளது என்று பொருள். கண்ணாடியில் தண்ணீரே தெரியாவிட்டால் பம்பைத் தொடக்கூடாது. நெருப்பை அணைத்து, ஆட்களை விலக்கி, தானாக ஆறவிட வேண்டும்.

மாற்றுக் குழாய் ஒன்று கைவசம் இருக்கட்டும். சூட்டில் நீள இடம்விட்டுச் சற்றுக் குட்டையாக வெட்டி, நட்டை அளவோடு முடுக்கவும். சூடான கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், விரிசல் விடும்.