நீலத் துணி சென்ற வழி



செல்பேசியில் விரலை வைத்தால் போதும், சூரத்தில் தைத்த சுடிதார் சில நாட்களில் வில்லியனூர் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. நூற்பவர், நெய்பவர், சாயமிடுபவர், வண்டிக்காரர், வியாபாரி என ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் பொருள் செல்லும் இந்த வரிசையை வணிகவியல் பாடத்தில் விநியோகச் சங்கிலி என்று படிக்கிறோம். இது இணையத்தோடு பிறந்தது என்றே நான் எண்ணியிருந்தேன். நம் புதுவையின் சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது.

18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ‘கினே’ என்ற நீலப் பருத்தித் துணி இங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. வியாபாரிகள் முன்பணம் கொடுப்பார்கள். கிராமத்துத் தறிகளில் துணி நெய்யப்படும். பிறகு அவுரிச் சாயத்தில் பலமுறை தோய்த்துக் கருநீலம் ஏற்றுவார்கள். 1736 முதல் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பிலும் கும்பினியாரின் துணிக் கொள்முதல் பற்றிய செய்திகள் உண்டு.

துணி நேரே ஆப்பிரிக்காவுக்குப் போகவில்லை. சூயஸ் கால்வாய் திறந்தது 1869-இல்தான். அதற்கு முன் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பிரான்சுக்குப் போய், அங்கிருந்து மறுபடியும் கப்பலேறிச் செனகல் நதிக்கரையை அடையும். அங்கே மூர் வணிகர்கள் துணியை வாங்கிக்கொண்டு வேலமரப் பிசினைக் கொடுப்பார்கள். அந்தப் பிசின் ஐரோப்பாவில் எதற்குப் பயன்பட்டது தெரியுமா? துணியில் அச்சடிக்கத்தான்! துணி கொடுத்து, துணிக்கு வேண்டியதையே வாங்கியிருக்கிறார்கள்.

மூர் வணிகர்கள் எளிதில் ஏமாறுபவர்கள் அல்லர். துணியைத் தடவிப் பார்ப்பார்கள், முகர்ந்தும் பார்ப்பார்கள். ஐரோப்பாவில் செய்த போலிகளை அவர்கள் விரும்பவில்லை. செனகலில் கினே பணம் போலவே வழங்கியதால், தரம் குறைந்தால் கள்ள நாணயம் புழங்குவது போலத்தான். ஆகவே 1843-இல் பிரெஞ்சு அரசு அதன் தரத்துக்குச் சட்டமே போட்டது. சாயம் சரியில்லை என்ற குறை அங்கிருந்து கடிதமாக இங்கு வந்து சேர மாதங்கள் பல ஆகுமே! இன்று அது ஒரு நொடி வேலை.

சங்கிலி அறுந்த காலமும் உண்டு. 1752-இல் நம் பாகூரிலேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டனர். 1761 ஜனவரியில் புதுவை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. கப்பல் இல்லையேல் முன்பணம் இல்லை. முன்பணம் இல்லையேல் தறி ஓடாது. சண்டை யாருடையதோ, பட்டினி நெசவாளிக்கு.

என்னை வருத்திய செய்தி இன்னொன்று. 18-ஆம் நூற்றாண்டில் இந்திய நீலத் துணியைக் கொடுத்து ஆப்பிரிக்கக் கடற்கரையில் மனிதரையே அடிமைகளாக வாங்கினார்கள். இங்கே தறியில் அமர்ந்தவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

எனக்கு வந்த சுடிதார் எந்த ஊரில் எத்தனை மணிக்கு இருந்தது என்று செல்பேசி காட்டியது. தைத்தவர் யார், அவருக்குக் கூலி எவ்வளவு என்று தேடினேன். கழுத்துப் பட்டியில் அளவும் துவைக்கும் முறையும் மட்டுமே இருந்தன.