அயல்நாட்டில் நோயுற்றார்க்குச் செலவு கொடுப்பார் யார்?

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவான் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுத்தார். கடல் கடந்து சென்றவிடத்து நோயுறுவானுக்கோ ஐந்தாவதொன்றும் வேண்டப்படுகிறது. செலவைக் கொடுப்பார் யார் என்னும் வினாவுக்கு விடையே அது. இவ்விடை புறப்படுமுன்னரே ஆயத்தமாயிராவிடின், ஏனைய நான்கும் கிட்டியும் நோயாளியின் குடும்பம் நெடுங்காலம் கடனில் ஆழ நேரிடும். நம் மாணவர் பலர் மேற்படிப்பின் பொருட்டு அயல்நாடு செல்கின்றனர். பின்னர் அவர்தம் பெற்றோர் பிள்ளைகளைக் காணச் செல்கின்றனர். ஆதலின் இப்பொருளை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் அறியத்தக்கது, வைத்தியச் செலவின் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதே. இங்கிலாந்தில் தேசிய சுகாதாரப் பணி 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் தொடங்கிற்று. அங்கு வாழ்வார்க்குச் சிகிச்சை இலவசம் எனக் கேள்வியுற்ற பலர், விருந்தினராய்ச் செல்வார்க்கும் அஃது அவ்வாறே எனக் கருதுகின்றனர். அக்கருத்துப் பிழையாம். விபத்து அவசரப் பிரிவில் செய்யும் சிகிச்சைக்கு எவரிடமும் பணம் பெறுவதில்லை. ஆயின் அங்கிருந்து உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டபின், குறுகிய கால விசாவில் வந்த நம்மனோர் பொதுவாக வகுத்த கட்டணத்தில் ஒன்றரை மடங்கு செலுத்துதல் வேண்டும். செலுத்தாது நிற்கும் கடன் 500 பவுனை எட்டுமாயின், மறுமுறை விசா மறுக்கப்படுதற்கு அது காரணமாகலாம். மாணவர் நிலை வேறு. ஆறு மாதத்துக்கு மேல் தங்க வருவோர், 2015-ஆம் ஆண்டு முதல், விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சுகாதாரத்துக்கெனத் தனிக்கட்டணம் செலுத்தி, உள்நாட்டாரைப் போலவே சிகிச்சை பெறுகின்றனர்.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் பிறிதொரு முறையைக் கொண்டுள்ளன. 30,000 யூரோவுக்குக் குறையாத பிரயாண இன்ஷூரன்ஸ் இல்லாதவர்க்கு அவை குறுகிய கால விசா பொதுவாக வழங்குவதில்லை. அவசரச் சிகிச்சையும், நோயாளியைத் தாய்நாட்டுக்குத் திருப்பியனுப்பும் செலவும், இறப்பு நேரின் அதன்பாற்பட்ட செலவும் அதனுள் அடங்குதல் வேண்டும்.

அமெரிக்காவிலோ முன்னெச்சரிக்கை முழுதும் பிரயாணியின் பொறுப்பே. 1986-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அவசரப் பிரிவுடைய மருத்துவமனைகளுட் பெரும்பாலானவை, பணமுண்டோ இல்லையோ என்று நோக்காது வந்தவரைப் பரிசோதித்து, அபாயநிலை தணியும்வரை சிகிச்சை செய்யக் கடமைப்பட்டுள்ளன. ஆயின் அச்சட்டம் கதவைத் திறக்கிறதேயன்றிக் கணக்கை அழிப்பதில்லை. பில் பின்னர் வந்தே தீரும்.

நிற்க, இன்ஷூரன்ஸ் பாலிசிகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. அமெரிக்கா செல்வார்க்கு விற்கப்படுவன பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவே கொடுப்போம் என வரம்பிட்டது. மற்றொன்று, மொத்தச் செலவில் பெரும்பங்கை ஏற்பது. இவற்றின் வேற்றுமையை ஒரு கணக்கால் விளக்குவோம். நான்கு நாள் மருத்துவமனையிற் கிடந்த ஒருவருக்கு 40,000 டாலர் பில் வந்ததாகக் கொள்க. இரண்டாம் வகைப் பாலிசியில், முதல் 500 டாலரும், அடுத்த 5,000 டாலரில் நூற்றுக்கு 20 பங்கும் நோயாளியினுடையவை எனில், அவர் செலுத்துவது 500-உம் 1,000-உம் ஆக 1,500 டாலரே. எஞ்சிய 38,500 டாலரைக் கம்பெனி செலுத்தும். முதல் வகையில், நாளொன்றுக்கு 1,500 டாலரும் அறுவைச் சிகிச்சைக்கு 3,000 டாலருமே வரம்பு எனில், கம்பெனி கொடுப்பது 9,000. நோயாளியின் தலையில் விழுவது 31,000. பிரீமியத்தில் மிச்சம் பிடித்தவர் இழந்தது எத்துணை என்பதை வாசகரே உணர்வாராக.

இதனினும் பெரிய இடர் முன்னரே உள்ள நோயைப் பற்றியது. தந்தையாருக்கு நீரிழிவு உண்டென எழுதினால் பிரீமியம் ஏறும் என அஞ்சி, மகன் விண்ணப்பத்தில் ‘இல்லை’ என எழுதுகிறான் என வைத்துக்கொள்வோம். மருத்துவமனையில் அத்தந்தையார் பல்லாண்டாகத் தாம் உண்ணும் மாத்திரைகளை உள்ளபடியே சொல்லுகிறார். சொல்லாவிடின் சிகிச்சை பிழைபடும். மருத்துவர் அதனைக் குறிப்பேட்டில் எழுதுகிறார். கம்பெனி அக்குறிப்பேட்டை வருவித்து நோக்கிப் பணம் கொடுக்க மறுக்கிறது. மெய் சொன்னவர் தந்தை. பொய்யின் விலையைக் கொடுப்பவன் மகன். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதி, பழைய நோயின் திடீர்ப் பெருக்கத்துக்குப் பாலிசி இடங்கொடுக்கிறதா, எவ்வளவு வரை என வினவி வாங்குதலே அறிவுடைமை.

நோய் வந்தபின் செய்யத்தக்கன யாவை? உயிருக்கு அபாயமெனில் முதலில் மருத்துவமனைக்கே செல்க. பின்னர் காலந்தாழ்த்தாது பாலிசியிற் கண்ட உதவி எண்ணுக்கு அறிவிக்க. அபாயமில்லையெனில் முன்னரே அறிவித்து, கம்பெனி ஒப்புக்கொண்ட மருத்துவமனையை நாடுக. மருத்துவர் அறிக்கை, மருந்துச் சீட்டு, ரசீது ஆகிய யாவற்றையும் பேணி வைக்க.

இன்ஷூரன்ஸ் இல்லாதவரும் முற்றும் கைவிடப்பட்டவர் அல்லர். வந்த பில்லை அவ்வாறே செலுத்திவிடாது, இனவாரியான விவரம் கேட்டல் வேண்டும். அமெரிக்காவில் இலாபநோக்கின்றி நடைபெற்று வரிவிலக்குப் பெறும் மருத்துவமனைகள், 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இயலாதார்க்கு உதவும் விதிகளை எழுதி வெளியிடக் கடமைப்பட்டவை. அவ்வுதவியைக் கேட்பதில் இழிவில்லை. 2009-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் ஏற்படுத்திய இந்தியச் சமூக நல நிதியிலிருந்து, நம் தூதரகங்கள் இடருற்ற வறியார்க்கு அவசர வைத்தியத்துக்கு உதவுவதுமுண்டு. எனினும் இவை கேட்டுப் பெறும் உதவிகளேயன்றி, உறுதியான உரிமைகள் ஆகா.

இறுதியாக ஒன்று. பிள்ளைக்குச் செலவு வைக்கலாகாது என்றெண்ணி நெஞ்சுவலியை மறைத்து இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்தந்தையர் உளர். அவ்வலியைக் காட்டிலும் அவர்களை வாட்டுவது பில்லைப் பற்றிய அச்சமே. ஆகலின், பிரயாணச் சீட்டு வாங்கும் நாளிலேயே பாலிசியையும் ஆராய்ந்து வாங்கி, “செலவுக்கு வழி செய்துள்ளேன், வலி வந்தால் உடனே சொல்லுங்கள்” எனப் பெற்றோரிடம் கூறுக. அச்சொல்லே சில வேளை முதல் மருந்தாகும்.