தொலைக்காட்சியும் காண்போரும்

ஆடரங்கின் அகலம், நீளம், உயரம் ஆகியவற்றைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அளவிட்டுக் கூறுகிறது. அத்தகைய அரங்கை நாடிக் காண்போர் சென்றனர். தெருக்கூத்தும் ஊர்ப் பொதுவிடத்தில் விடியவிடிய நிகழ்ந்தது. தொலைக்காட்சியோ அரங்கைக் காண்போரின் இல்லத்திற்கே கொணர்ந்தது. அதனால் காட்சி மட்டுமன்றிக் காண்போரும் மாறினர். அம்மாற்றத்தை மூன்று நிலைகளாகப் பகுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊராய்க் கண்ட நிலை

இந்தியத் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம், செயற்கைக்கோள் வழியான கல்வி ஒளிபரப்பு ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களைச் சென்றடைந்தது. பொதுவிடத்தில் வைத்த ஒரு பெட்டியின் முன் ஊரார் கூடி அமர்ந்து வேளாண்மை, உடல்நலம் பற்றிய நிகழ்ச்சிகளைக் கண்டனர். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னை நிலையம் தொடங்கியது. பெட்டி உடையோர் சிலராகவே இருந்தமையின், வெள்ளிக்கிழமைதோறும் ‘ஒளியும் ஒலியும்’ காண அண்டை வீட்டார் அவர்தம் கூடங்களில் திரண்டனர்.

இல்லமாய்க் கண்ட நிலை

1982இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. 1987இல் ‘ராமாயண’மும் 1988இல் ‘மகாபாரத’மும் தொடர்களாகத் தொடங்கின. பின்னதற்கு உரையாடல் எழுதியவர் ராஹி மாசூம் ரசா என்னும் முஸ்லிம் எழுத்தாளர் என்பது நினையத்தக்கது. வேறு அலைவரிசை இல்லாமையால் நாடெங்கும் ஒரே காட்சி காணப்பட்டது. 1990களில் கேபிள் இணைப்புப் பரவியது. 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தொடங்கியது. தேர்ந்து காணும் உரிமை காண்போர் கைக்கு வந்தது. 2006 முதல் தமிழக அரசு வண்ணப் பெட்டிகளை விலையின்றி வழங்கியபின், அயலார் வீட்டை நாடும் தேவையும் அருகியது.

தனியராய்க் காணும் நிலை

இன்று கைப்பேசியே அரங்கம்; காண்போர் ஒருவரே அவை. நிகழ்ச்சிக்காகக் காத்திருந்த காலம் போய், காண்போருக்காக நிகழ்ச்சி காத்திருக்கிறது. 2020 ஊரடங்கின்போது ‘ராமாயணம்’ மீண்டும் ஒளிபரப்பானது. இல்லங்கள் மீண்டும் ஒன்றுகூடிக் கண்டன. எனினும் அயல்வீட்டார் வந்து அமர இயலவில்லை.

பெற்றதும் இழந்ததும்

பழங்காலம் குறையற்றது எனக் கூறுதல் பொருந்தாது. பெட்டி உடையோர் நாற்காலியிலும் இல்லாதோர் தரையிலும் அமர்ந்த நிலையும் அன்று உண்டு. ஒரே அலைவரிசை கூறியதையே கேட்கவேண்டிய நிலையும் இருந்தது. இன்று எளிய மாணவரும் உயர்ந்த பாடவுரைகளைத் தம் கைப்பேசியில் காண இயல்கிறது, இது பெரும்பேறே.

ஆயினும், கண்டபின் நிகழ்ந்த உரையாடலை நாம் இழந்துவருகிறோம். ஐயம் வினவுதலும், மறுத்துரைத்தலும், பெரியோர் விளக்கமுமே காட்சியைக் கல்வியாக்குவன. ஒரே கூரையின்கீழ் தந்தை காண்பதை மகன் அறியான். மகள் காண்பதைத் தாய் அறியாள். முன்பு கண்டதைப் போன்றதையே கருவி மீண்டும் மீண்டும் முன்வைப்பதால், மாற்றுக் கருத்தைக் கேட்கும் வாய்ப்பும் குறைகிறது.

கருவியை விலக்குதல் இதற்குத் தீர்வன்று. வாரம் ஒரு நிகழ்ச்சியையேனும் இல்லத்தார் உடனிருந்து கண்டு உரையாடலாம். கல்லூரிகளும் கண்டு விவாதிக்கும் அவைகளை அமைக்கலாம். தேர்ந்து காணக் கற்ற மாணவர், கூடி ஆராயவும் கற்பாராயின், தொலைக்காட்சி தந்த பயன் முழுமையுறும்.