சந்தைக்குச் சென்ற ஆப்பிள்கள்
(திரைப்படத் திறனாய்வு)

நுழையும்முன்

விளைவிப்பவருக்கும் உண்பவருக்கும் இடையில் நீண்டதொரு சாலை இருக்கிறது. அச்சாலையில் பொருளைச் சுமந்து செல்பவர் உண்டு. அதை இடைமறித்து ஆதாயம் தேடுபவரும் உண்டு. உழவரும் ஓட்டுநரும் பட்ட பாட்டின் பயன் சந்தையின் வாயிலில் எவ்வாறு கைமாறிப் போகிறது என்பதை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அமெரிக்கத் திரைப்படம் எடுத்துக்காட்டியது. குற்றக்கதையாகத் தொடங்கி அறவினாவாக வளரும் அப்படத்தை அறிமுகப்படுத்துகிறது இப்பாடம்.

உருண்டோடும் கனிகள்

மலைச்சாலையில் கட்டுப்பாட்டை இழந்த சரக்குந்து ஒன்று சரிவில் கவிழ்ந்து தீப்பற்றுகிறது. அதை ஓட்டி வந்தவர் உயிர் பிழைக்கவில்லை. வண்டியிலிருந்து சிதறிய ஆப்பிள்கள் மட்டும் சரிவில் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டுகொண்டே இருக்கின்றன. 1949ஆம் ஆண்டு வெளிவந்த 'தீவ்ஸ் ஹைவே' என்னும் ஆங்கிலப் படத்தில் இடம்பெறும் காட்சி இது. 'திருடர்களின் நெடுஞ்சாலை' என்பது தலைப்பின் பொருள். ஆனால், இக்கதையின் பெருந்திருடர்கள் நெடுஞ்சாலையில் பதுங்கியிருப்பவர்கள் அல்லர். சாலை முடியும் இடத்தில், விளக்கொளியில், கடை விரித்து அமர்ந்திருப்பவர்கள்.

இப்படத்தை இயக்கியவர் ஜூல்ஸ் டாசின். கதையையும் திரைக்கதையையும் எழுதியவர் ஏ. ஐ. பெசரைடிஸ். துருக்கியின் சாம்சுன் நகரில் 1908ஆம் ஆண்டு பிறந்த இவர், கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ பகுதியில் வளர்ந்தார். அப்பகுதி பழத்தோட்டங்களுக்கும் காய்கறிப் பண்ணைகளுக்கும் பெயர்பெற்றது. தந்தையின் தொழில்வழியே சரக்குந்துகளின் உலகத்தையும் மொத்தச் சந்தைகளின் உலகத்தையும் இளமையிலேயே அறிந்தவர். அந்தப் பட்டறிவு அவருடைய புதினங்களுக்கு உரமாயிற்று.

கதைச் சுருக்கம்

நெடுநாள் அயல்நாட்டில் இருந்துவிட்டு ஃபிரெஸ்னோவிலுள்ள வீட்டிற்குத் திரும்புகிறான் நிக் கார்கோஸ். அனைவருக்கும் பரிசுகள் வாங்கி வந்திருக்கிறான். தந்தை யாங்கோவுக்கு அவன் கொண்டுவந்தது காலணிகள். அவற்றைக் கொடுக்கும் அந்நேரத்தில்தான் தந்தை கால்களை இழந்திருப்பது அவனுக்குத் தெரியவருகிறது. பாத்திரத்தின் துயரை வசனத்தால் விளக்காமல் ஒரு பொருளால் உணர்த்தும் சிறந்த காட்சி இது.

யாங்கோ தக்காளிச் சுமையுடன் சான் பிரான்சிஸ்கோ சந்தைக்குச் சென்றவர். மைக் ஃபிக்லியா என்னும் மொத்த வணிகன் சரக்கைப் பெற்றுக்கொண்டு அவருக்கு மது வாங்கிக் கொடுத்தான். திரும்பும் வழியில் விபத்து நேர்ந்தது. பணம் கொடுத்துவிட்டதாக ஃபிக்லியா சொன்னான்; பணமோ கிடைக்கவில்லை. கொடுத்ததற்குச் சான்றும் இல்லை. கொடுக்கவில்லை என்பதற்குச் சான்றும் இல்லை.

தந்தைக்கு நேர்ந்த அநீதிக்குக் கணக்குத் தீர்க்க நிக் உறுதி கொள்கிறான். எட் கின்னி என்னும் அனுபவமிக்க ஓட்டுநருடன் கூட்டுச் சேர்கிறான். பருவத்தின் முதல் 'கோல்டன் டெலிஷியஸ்' ஆப்பிள்களை வாங்கி, இரண்டு சரக்குந்துகளில் ஏற்றிக்கொண்டு இருவரும் சான் பிரான்சிஸ்கோ நோக்கிப் புறப்படுகின்றனர். முதலில் சந்தையை அடையும் சரக்குக்கே நல்ல விலை. ஆகவே உறக்கமின்றி ஓட்ட வேண்டும். வழியில் டயர் மாற்றும்போது வண்டியின் அடியில் நிக் சிக்கிக்கொள்கிறான். எட் அவனைக் காப்பாற்றுகிறார். பின்னர், பழுதுபட்ட தம் பழைய வண்டியைக் கெஞ்சிக் கெஞ்சி ஓட்டிவரும் எட், மலைச்சரிவில் உயிரிழக்கிறார்.

முன்னதாகச் சந்தையை அடைந்த நிக்கின் வண்டி ஃபிக்லியாவின் கடை முன் நிற்கிறது. அங்கிருந்து நகர முடியாதபடி அதன் டயர் கிழிக்கப்படுகிறது. உறங்காத கண்களுடன் தள்ளாடும் அவனை அப்புறப்படுத்த ரிகா என்னும் பெண்ணை ஃபிக்லியா பணம் கொடுத்து அனுப்புகிறான். நிக் ஓய்வெடுக்கும் வேளையில் அவனுடைய ஆப்பிள்கள் இறக்கப்பட்டு விற்கப்படுகின்றன. உண்மை அறிந்த நிக், ஃபிக்லியாவுடன் மோதித் தனக்குரிய விலையைப் பெறுகிறான். ஆனால், கையில் வந்த பணம் அன்றிரவே அடியாட்களால் பறிக்கப்படுகிறது. அவனுக்கெனக் காத்திருந்த மணப்பெண், பணமில்லை என்றறிந்ததும் விலகிச் செல்கிறாள். ஏமாற்றுவதற்காக அனுப்பப்பட்ட ரிகாவோ மனம் மாறி அவன் பக்கம் நிற்கிறாள். இறுதியில் ஃபிக்லியாவைத் தேடிப்பிடித்து அடித்து வீழ்த்துகிறான் நிக். காவலர்கள் வந்து ஃபிக்லியாவைக் கைது செய்கின்றனர்.

காத்திருக்க முடிந்தவரும் முடியாதவரும்

இப்படத்தின் மையக் கருத்தைப் புரிந்துகொள்ள ஓர் எளிய வினாவை எழுப்பிக்கொள்வோம். ஃபிக்லியாவின் வலிமை எங்கிருந்து வருகிறது? அடியாட்களிடமிருந்து என்பது மேலோட்டமான விடை. அவனுடைய உண்மையான வலிமை காலத்தில் இருக்கிறது.

இரும்பையோ துணியையோ விற்பவர், விலை கட்டுப்படியாகவில்லை என்றால் சரக்கைத் திருப்பிக் கொண்டுபோகலாம்; அடுத்த வாரம் மீண்டும் வரலாம். பழம் விற்பவருக்கு அவ்வுரிமை இல்லை. கனி மரத்திலிருந்து பிரிந்த கணமே அதன் மதிப்பு குறையத் தொடங்குகிறது. பொழுது ஏற ஏற, வெயில் ஏற ஏற, விற்பவரின் குரல் தாழ்கிறது. வாங்குபவரோ வெறுமனே காத்திருந்தாலே போதும். காத்திருக்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் இடையே நடக்கும் பேரம் சமமான பேரம் ஆகாது.

டயரைக் கிழிக்கும் செயல் இங்குப் புதிய பொருள் பெறுகிறது. ஃபிக்லியா முதலில் திருடுவது ஆப்பிள்களை அன்று. வேறு கடைக்குச் செல்லும் உரிமையைத் திருடுகிறான். அவ்வுரிமை போனபின் ஆப்பிள்கள் தாமாகவே அவன் கைக்கு வந்துவிடுகின்றன.

ஏமாற்றின் சங்கிலி

ஃபிக்லியா ஒருவனைக் கெட்டவனாகவும் மற்றவர்களை நல்லவர்களாகவும் இப்படம் பிரித்துக் காட்டவில்லை. பழத்தோட்டக் காட்சி இதற்குச் சான்று. ஆப்பிள்களை ஏற்றியபின் முன்னர்ப் பேசிய விலையைக் குறைத்துக் கொடுக்க எட் முயல்கிறார். உழவர் குடும்பம் கொதித்தெழுகிறது. நிக் குறுக்கிட்டு, பேசிய தொகையைக் கொடுக்கச் செய்கிறான்.

எட் கொடியவர் அல்லர். நிக்கின் உயிரைக் காப்பவர் அவர்தாம். ஆயினும் மேலே இருப்பவரால் நசுக்கப்பட்டவர், தமக்குக் கீழே இருப்பவரை நசுக்கி ஈடுகட்டத் துணிகிறார். வணிகன் ஓட்டுநரை ஏமாற்றுகிறான். ஓட்டுநர் உழவரை ஏமாற்றுகிறார். ஏமாற்று ஒரு சங்கிலிபோல் கைமாறிக் கீழே இறங்குகிறது. அதை அறுப்பவன் நிக். ஃபிக்லியாவை அடித்த காட்சியில் அவன் அதை அறுக்கவில்லை. யாரும் கட்டாயப்படுத்தாத தோட்டத்தில், தன் கையிலிருந்த பணத்தை எண்ணிக் கொடுக்கச் செய்தபோதே அறுத்துவிட்டான். படத்தின் அறம் அக்காட்சியில்தான் குடிகொண்டிருக்கிறது.

எட்டின் மறைவிற்குப் பிறகு, மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் ஆப்பிள்களையும் பொறுக்கி விற்க ஃபிக்லியா முற்படுகிறான். இறந்தவரின் உழைப்பும் அவனுக்குச் சரக்குதான். சங்கிலியின் மறுமுனை அது.

> தெரிந்து தெளிவோம்
> இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் வெளிவந்த ஒருவகைக் குற்றப்படங்களைப் பிரெஞ்சுத் திறனாய்வாளர்கள் 'நுவார்' என அழைத்தனர். 'கருமை' என்பது இச்சொல்லின் பொருள். இரவுக் காட்சிகள், ஆழ்ந்த நிழல்கள், நன்மையும் தீமையும் கலந்த பாத்திரங்கள் ஆகியவை இவ்வகையின் இயல்புகள்.

இருளில் இயங்கும் சந்தை

பெரும்பாலான 'நுவார்' படங்களில் இருள் ஓர் உத்தி. இப்படத்தில் அது இயல்பு. மொத்தச் சந்தை விடியுமுன் இயங்குவது. ஊர் உறங்கும்போது அங்கே விலை முடிவாகிறது. டாசின், சான் பிரான்சிஸ்கோவின் உண்மையான சந்தைப் பகுதியிலேயே காட்சிகளைப் படமாக்கினார். முந்தைய ஆண்டில் 'தி நேக்கட் சிட்டி' என்னும் படத்தை நியூயார்க் நகரத் தெருக்களிலேயே எடுத்தவர் அவர். பெட்டிகளின் அடுக்குகள், சுமைதூக்குவோரின் கூச்சல், நெருக்கியடித்து நிற்கும் வண்டிகள் ஆகியவற்றால் இப்படம் ஓர் ஆவணத்தின் மதிப்பையும் பெறுகிறது. ஏனெனில், துறைமுகத்தை அடுத்திருந்த அச்சந்தை இன்று அவ்விடத்தில் இல்லை. 1963ஆம் ஆண்டு நகரின் தென்கிழக்குப் பகுதிக்கு அது மாற்றப்பட்டது.

முடிவு யாருடையது?

இறுதிக் காட்சியில் காவலர் நிக்கிற்கு அறிவுரை கூறுகிறார்: சட்டத்தைத் தனிமனிதர் கையிலெடுத்தல் ஆகாது என்பது அதன் சாரம். இப்பகுதியைத் தாம் எடுக்கவில்லை என்றும் படப்பிடிப்பு நிறுவனத்தின் தலைவர் டேரில் எஃப். ஜானக் தம்மைக் கேளாமல் சேர்த்தார் என்றும் டாசின் பிற்காலத்தில் கூறியுள்ளார். குற்றம் தண்டனை பெறுவதையும் சட்டத்தின் மேன்மையையும் காட்டவேண்டும் என்று வலியுறுத்திய திரைத்துறை விதிகள் அக்காலத்தில் நடைமுறையில் இருந்தன.

காவலரின் சொல் தவறானதா? அன்று. பழிவாங்குதல் நீதி ஆகாது. ஆனால், அச்சொல் மிகவும் காலம் தாழ்ந்து வருகிறது. யாங்கோ கால்களை இழந்தபோதும், டயர் கிழிக்கப்பட்டபோதும், பணம் பறிபோனபோதும் காணப்படாத சட்டம், ஏமாற்றியவர் அடிபடும்போது மட்டும் வந்து நிற்கிறது. அழுகும் பொருளுக்குரிய நீதி, அப்பொருள் அழுகுமுன் கிடைக்க வேண்டும்.

இவ்வுண்மையை அமெரிக்கச் சட்டமியற்றுவோரும் உணர்ந்திருந்தனர். உழவர்கள் ஒன்றுசேர்ந்து கூட்டாக விற்பனை செய்யும் உரிமையை 1922ஆம் ஆண்டின் கேப்பர் – வோல்ஸ்டெட் சட்டம் வழங்கியது. மாநிலங்களுக்கு இடையே நடைபெறும் காய்கனி வணிகத்தை 1930ஆம் ஆண்டின் அழுகும் வேளாண்பொருள் சட்டம் நெறிப்படுத்தியது. வணிகர் உரிமம் பெறவேண்டும், பொய்க்கணக்குக் காட்டலாகாது, தக்க காரணமின்றிச் சரக்கை மறுக்கலாகாது, உரிய காலத்தில் பணம் தரவேண்டும் என்பன அதன் கூறுகள். 1984ஆம் ஆண்டு அதில் செய்யப்பட்ட திருத்தம், பணம் பெறாத விற்பனையாளருக்காக அப்பொருளும் அதன் விற்பனைத் தொகையும் வாங்கியவரிடம் பொறுப்புடைமையாக இருக்கும் என்று வகுத்தது. சட்டநூலில் உள்ள சொல், விடியற்காலைச் சந்தையில் நிற்கும் தனியொருவருக்குத் துணையாக வந்து நிற்கிறதா என்பதே படம் நம்முன் வைக்கும் வினா.

ஒரு பழத்தின் விலையில் அதை விளைவித்தவரின் வியர்வையும் சுமந்துவந்தவரின் உறக்கமும் அடங்கியிருக்கின்றன. அவ்விருவருக்கும் உரியது போய்ச் சேர்ந்ததா என்று கேட்பது வாங்குபவரின் கடமையும் ஆகும். அக்கேள்வியை எழுப்பப் பழக்குவதே இப்படத்தின் பயன்.

நூல்வெளி

இப்படம், ஏ. ஐ. பெசரைடிஸ் எழுதி 1949ஆம் ஆண்டு வெளியான 'தீவ்ஸ் மார்க்கெட்' என்னும் புதினத்தைத் தழுவியது. சரக்குந்து ஓட்டுநர்களைப் பற்றி அவர் முன்னர் எழுதிய 'லாங் ஹால்' என்னும் புதினமும் 1940ஆம் ஆண்டு திரைப்படமாயிற்று. நிக்காக ரிச்சர்டு கான்டியும், ஃபிக்லியாவாக லீ ஜே. காப்பும், ரிகாவாக வாலன்டினா கார்டீசேவும் நடித்துள்ளனர். இயக்குநர் ஜூல்ஸ் டாசின் (1911–2008) அரசியல் கருத்துகளுக்காக ஹாலிவுட்டில் வாய்ப்பு மறுக்கப்பட்டு ஐரோப்பாவிற்குச் சென்றார். அங்கு அவர் இயக்கிய 'ரிஃபிஃபி' (1955) கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான விருதை அவருக்குப் பெற்றுத்தந்தது.

சொல்லும் பொருளும்

சரக்குந்து – லாரி. பட்டறிவு – அனுபவம். பேரம் – விலை பேசுதல். பொறுப்புடைமை – பிறருக்காகக் காக்கப்படும் உடைமை.

இலக்கணக் குறிப்பு

உழவரும் ஓட்டுநரும் – எண்ணும்மை. உறங்காத கண்கள் – எதிர்மறைப் பெயரெச்சம். ஏமாற்றியவர் – வினையாலணையும் பெயர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்ச் சந்தைக்கு ஒரு காய் அல்லது கனி எவ்வழியே வந்து சேர்கிறது என்பதை விற்பவரிடம் கேட்டறிந்து, அது கைமாறும் இடங்களை வரிசைப்படுத்துக.
2. 'நிக் செய்தது நீதியா, பழிவாங்கலா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

*குறுவினா*
1. தந்தைக்குக் கொண்டுவந்த காலணிகள் உணர்த்தும் துயரம் யாது?
2. 'நுவார்' வகைப் படங்களின் இயல்புகள் இரண்டனைக் குறிப்பிடுக.

*சிறுவினா*
1. அழுகும் பொருளை விற்பவர் பேரத்தில் வலிமை இழப்பது ஏன்?
2. பழத்தோட்டக் காட்சி, படத்தின் அறத்தை எவ்வாறு வெளிப்படுத்துகிறது?

*நெடுவினா*
1. 'அழுகும் பொருளுக்குரிய நீதி, அப்பொருள் அழுகுமுன் கிடைக்க வேண்டும்' – இக்கூற்றைப் படத்தின் நிகழ்வுகள்வழி நிறுவுக.