விக்காவின் பிறப்பு

கேள்வி: மேனாட்டு ‘விக்கா’ மதம் புராதனமானதா, மந்திர சபைகளின் வழிவந்ததா?
— ஒரு வாசகர், தட்டாஞ்சாவடி, புதுச்சேரி

பதில்: இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உத்தியோகம் பார்த்து, 1910இல் கொழும்பில் ஃபிரீமேசன் சங்கத்தில் தீட்சை பெற்ற ஜெரால்டு கார்ட்னர் என்னும் ஆங்கிலேயரே இம்மதத்தை உலகறியச் செய்தவராதலின், அதன் மூன்று படித் தீட்சையில் அச்சங்கத்தின் சாயலும், வட்டம் வரைந்து நாற்றிசைச் சக்திகளை ஆவாகனம் செய்யும் கிரியையில் 1888இல் லண்டனில் தோன்றிய ‘கோல்டன் டான்’ என்னும் மந்திர சபையின் சம்பிரதாயமும் விளங்குவது வியப்பன்று. 1947இல் அவர் சந்தித்த ஆங்கிலேய மாந்திரிகர் அலீஸ்டர் குரோலியின் வாசகங்களும் விக்காவின் ஆதிச் சடங்கேட்டில் இடம்பெற்றன. அவற்றுட் பலவற்றைப் பின்னர் நீக்கிச் செப்பனிட்டவர் கார்ட்னரிடம் தீட்சை பெற்ற டோரீன் வாலியன்டே அம்மையார். ஆகவே, மூலப்பொருள்கள் சில பழையனவாயினும், விக்கா இருபதாம் நூற்றாண்டில் உருப்பெற்ற மதமே. அதனால் அதன் அடியார்களது சிரத்தையின் மதிப்பு சிறிதும் குறைவதில்லை.